வளராத குழிகள்

வெற்றிச்செல்வியைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியதை குறைந்த ஆள் அரியலூரில் கிடையாது. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் நடுவில் என்னை நாலு வார்த்தை திட்டிக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயர் ராஜவேல். உடையார்பாளையம் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு. செந்துறை போகும் வழியில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் பதினெட்டு வருடம் சர்வேயராக இருந்தேன். கடைசி எட்டு வருடம் என்னிடம் படம் வரைந்தவள் வெற்றிச்செல்வி. ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படித்தவள். கோடு போட்டால் கோடு மாதிரி இருக்கும். கேள்வி அதிகம் கேட்க மாட்டாள். அதுதான் அவளிடம் எனக்கு ரொம்பப் பிடித்த குணம்.

குவாரியின் கிழக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம். அது அவள் அப்பா அங்கமுத்துவினுடையது. அங்கமுத்துவின் அப்பா காலம் வரைக்கும் எங்களைப் போன்ற வீடுகளின் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகப் பட்டாவில் பெயர் ஏறியது இவருக்குத்தான். பருத்தியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுவார். மழை பெய்த வருடம் சாப்பாடு, பெய்யாத வருடம் கடன். எங்களுக்கு நிலம் போனால் கோர்ட்டுக்குப் போவோம். அவருக்கு நிலம் போனால், நிலம் இருந்ததையே ஊர் மறந்துவிடும்.

குவாரியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளப்போம். ஒருவன் குழியின் விளிம்பு நெடுகக் கம்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான். நான் எட்ட நின்று கருவி வழியாகப் புள்ளி புள்ளியாக எடுப்பேன். அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால் குழியின் விளிம்பு. படத்தில் ஏற்கெனவே சிவப்பில் எல்லைக்கோடு இருக்கும். விளிம்பு அதற்கு ஏழரை மீட்டர் உள்ளேயே நின்றுவிட வேண்டும் என்பது சட்டம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் மேஜைக்கு வந்தாள்.

“சார், கெழக்கால ஆறு பாயிண்டு எல்லைக்கு வெளிய விழுதுங்க.”

விழும் என்று எனக்குத் தெரியும். வெடி வைக்கிற அதிர்ச்சியில் அந்தப் பக்கத்துக் கரிசல் மண் ஒவ்வொரு மழைக்கும் சரிந்துகொண்டிருந்தது. மேனேஜருக்கும் தெரியும். படத்தில் வரக் கூடாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

“அது தப்புப் பாயிண்டும்மா. கம்பு புடிக்கிறவன் எட்டி நின்னுருப்பான். போன தடவ போட்ட கோட்டோட சேத்து உள்ள இழுத்து வுட்டுடு.”

“சரிங்க சார்.”

அவள் நம்பினாள். சர்வேயர் சொல்கிறார், பத்து வருட அனுபவம், கையெழுத்துப் போடுகிற ஆள், ஏன் பொய் சொல்லப் போகிறார்? அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. வெளியே விழுந்த புள்ளியைப் பழைய கோட்டுக்கு இழுத்துவிடுவது அவள் கைக்குப் பழகிவிட்டது. கண் பார்ப்பதற்கு முன்னால் கை இழுத்துவிடும். எங்கள் ஆபீசில் அதற்கு மெருகு போடுவது என்று பெயர். எட்டு வருடம் அவள் மெருகு போட்டாள், நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவள் சேர்ந்து நாலாம் வருடம் அங்கமுத்து ஆபீசுக்கு வந்தார். அவர் நிலத்தைக் காலடியால் அளப்பவர். கிழக்கே வரப்பிலிருந்து மேற்கே குவாரி வேலி வரைக்கும் தொண்ணூற்றிரண்டு அடி எடுத்து வைப்பாராம். இப்போது எண்பதோடு தீர்ந்துவிடுகிறதாம். வேலியோரம் இருந்த வேப்ப மரத்தைக் காணோம். வேலியையே கம்பெனிக்காரர்கள் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

“நீ வேல பாக்குற எடந்தானே கண்ணு. என்னான்னு பாத்துச் சொல்லு.”

அவள் படத்தை விரித்தாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“படத்துல அப்படியேதாம்ப்பா இருக்கு. எல்லைக்கு இந்தப் பக்கமே குழி நின்னு போச்சு. நீங்க கெழக்கால வரப்ப வுட்டுக் குடுத்துருப்பீங்க.”

“நான் ஏன் ஆயி வுட்டுக் குடுக்குறேன்? என் காலு எனக்குப் பொய் சொல்லுமா?”

“கால வெச்சு அளக்குறதும் மிஷின வெச்சு அளக்குறதும் ஒண்ணாப்பா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் படத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் மனு கொடுத்தார். விசாரணைக்குப் போனது எங்கள் படம்தான். நிலம் குறையவில்லை என்று பதில் வந்தது. அது அவருடைய மகள் வரைந்த படம் என்பதும் ஊருக்குத் தெரிந்துபோனது. டீக்கடையில் உட்கார்ந்தால், “அங்கமுத்து நெலத்த குழி திங்குதாம்டா, மவ படத்துல மட்டும் திங்கலையாம்” என்று சிரிப்பார்கள். பக்கத்து நிலத்துக்காரன் தன் மேல் பழி வருகிறது என்று சண்டைக்கு வந்தான். பொய்யன் என்று பெயர் எடுத்ததை அந்த மனுஷனால் தாங்க முடியவில்லை. மூன்று பொங்கலுக்கு அவர் மகள் வீட்டுக்குச் சீர் கொண்டு போகவில்லை. பொன்னாயி, அவர் சம்சாரம், தனியாகப் பஸ் ஏறி வந்து கரும்பையும் மஞ்சளையும் வைத்துவிட்டுப் போவாள்.

குவாரியை மூடிவிட்டார்கள். கல் தீர்ந்துபோனது. குழி மட்டும் தண்ணீரோடு கிடக்கிறது. ஒவ்வொரு ஐப்பசிக்கும் கிழக்கே இன்னும் கொஞ்சம் சரிகிறது.

இரண்டு வருடம் சும்மா இருந்தோம். அப்புறம்தான் செவ்வாய்க் கிரகம் வந்தது.

சிரிக்காதீர்கள், உண்மையாகவே வந்தது. அனுசுயா என்று பெரம்பலூர்ப் பெண், பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். செவ்வாயைச் சுற்றும் விண்கலம் அதன் தென் துருவத்தை எடுத்த படங்கள் அவளிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் தெரிகிற பனிக்குழிகளின் விளிம்பைக் கையால் கோடு போட்டுத் தர ஆள் வேண்டும். குவாரிப் படம் வரைந்தவர்கள் அரியலூரில் சும்மா இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மொபைல் கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டர் போட்டோம். சரிபார்க்கிற ஆள் நான். வெற்றிச்செல்வியை நான்தான் கூப்பிட்டேன்.

முதல் நாள் அனுசுயா நேரில் வந்து பாடம் எடுத்தாள். அந்தப் பனி தண்ணீர்ப் பனி இல்லை. கரியமில வாயு உறைந்து கிடப்பது. உருகி ஓடாது. கற்பூரம் கரைகிற மாதிரி அப்படியே ஆவியாகப் போய்விடும். அடியில் தண்ணீர்ப் பனி, அந்தக் குளிரில் பாறைக்குச் சமம், அது அசையாது. அதனால் குழி ஓர் எட்டு மீட்டர் இறங்கினதும் ஆழம் நின்றுவிடுகிறது. துருவத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை, அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேயே சுற்றி வருகிறது. தட்டையான தரையில் வெயில் சாய்ந்து விழுகிறது. செங்குத்தான சுவரில் நேராக அறைகிறது. ஆகவே சுவர்தான் கரையும். குழி ஆழமாகாமல் அகலமாகிக்கொண்டே போகும். பக்கத்துக் குழியும் அப்படியே வரும். நடுவிலே இருக்கிற மேட்டு நிலம் மெலிந்து மெலிந்து, வரப்பு மாதிரி ஆகி, ஒருநாள் இல்லாமல் போகும்.

“அப்ப மேல இருக்குற எடம் பூரா போயிருமா?” என்று வெற்றிச்செல்வி கேட்டாள்.

“குழி விழுந்த எடமெல்லாம் போயிட்டுத்தான் இருக்குக்கா. அங்க ஒரு வருஷம்னா நமக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். அதுல ரெண்டு மீட்டர், மூணு மீட்டர்னு சுவர் பின்னால போகுது. எவ்வளவு போகுதுன்னு கண்டுபிடிக்கத்தான் நீங்க.”

வேலை எங்களுக்குப் பழகியதுதான். முந்தின வருடத்துக் கோடு திரையில் மங்கலாகத் தெரியும். அதன் மேல் புது வருடத்துப் படம் வரும். புது விளிம்பில் புதுக் கோடு போட வேண்டும். பத்துக் குழிக்கு ஒரு தாள். வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் கையெழுத்து. அந்தத் தாள் இல்லாமல் அனுசுயா எதையும் வாங்க மாட்டாள். வெற்றிச்செல்விக்கு ஒரு தனிப் பகுதி கொடுத்தாள், அதில் நூற்று எண்பது குழி. மற்ற ஐந்து பேரும் தடுமாறிக்கொண்டிருக்க, இவள் மூன்றே மாதத்தில் முடித்தாள். நான் வழக்கம்போலப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அங்கே பெங்களூரில் அனுசுயா துள்ளிக் குதித்திருக்கிறாள். துருவம் முழுக்கக் குழிகள் வளர்கின்றன. ஒரு பகுதியில் மட்டும் நூற்று எண்பது குழியும் வளரவே இல்லை. அங்கே பனிக்கு அடியில் என்னவோ இருக்கிறது! நாலு மாதம் அதற்குக் காரணம் தேடி அவள் ராப்பகலாக உழைத்திருக்கிறாள். கடைசியில் கோடுகளை விட்டுவிட்டுப் படங்களைத் தானே திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு எங்களுக்கு வீடியோவில் வந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“வெற்றிக்கா, இந்தப் படத்துல விளிம்பு இங்க இருக்கு. நீங்க ஏன் பழைய கோட்டு மேலயே போட்டிருக்கீங்க?”

“அது படம் நவுந்துருக்குங்க. புதுப் படத்த ஒட்டுறப்ப கொஞ்சம் தள்ளி ஒக்காந்துருக்கும். அதான் உள்ள இழுத்து சரி பண்ணுனேன்.” அவள் குரலில் தயக்கமே இல்லை. நல்ல வேலைக்காரியின் குரல் அது.

“படம் நகர்ந்திருந்தா ஒரு பக்கம் வெளிய போகும், எதிர்ப்பக்கம் உள்ள வரும். இல்லையாக்கா? இங்க பாருங்க. வடக்க வெளிய, தெற்க வெளிய, நாலு பக்கமும் வெளிய. நூத்தி எண்பதுலயும் வெளிய. ஒண்ணுகூட உள்ள வரலை. தப்புன்னா ரெண்டு பக்கமும் தப்பும். ஒரே பக்கம் போனா அது தப்பு இல்ல, குழி நெஜமாவே வளந்திருக்கு.”

வெற்றிச்செல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டாள், திரும்பப் போட்டுத் தருகிறேன் என்றாள். இணைப்பு அறுந்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். கீழே ரோட்டில் சிமெண்ட் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“சார், நம்ம குவாரில கெழக்கால விழுந்த பாயிண்டு. எட்டு வருசத்துல ஒண்ணாச்சும் உள்ள விழுந்துச்சா?”

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

“கம்பு புடிக்கிறவன் எட்டி நின்னா ஒரு நாளு அங்குட்டு நிப்பான், ஒரு நாளு இங்குட்டு நிப்பான். எப்பவுமே எங்க அப்பா கொல்லைக்குள்ளயேவா சார் நிப்பான்?”

“எல்லாம் முடிஞ்ச கதம்மா. வுடு.”

அந்தப் பதில் அவளுக்குப் போதுமாக இருந்தது. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் அவள் மாடிக்கு வந்தாள். குவாரியின் செயற்கைக்கோள் படங்களை வருடவாரியாக எடுத்து, செவ்வாய்க்கு அனுசுயா சொன்ன மாதிரியே ஒவ்வொன்றிலும் விளிம்பை வரைந்தாள். இந்த முறை இழுக்கவில்லை. அப்பாவின் நிலத்தில் முப்பத்தொரு சென்ட் குழிக்குள் போயிருந்தது. வேப்ப மரம் எந்த வருடம் போனது என்றுகூட அதில் தெரிந்தது.

அந்தப் படத்தோடு அவள் ஊருக்குப் போனாள். அங்கமுத்து கொல்லையில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாராம். இவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிமிரவில்லையாம். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார்.

“இத எழுதித் தருவாங்களா? அங்கமுத்து சொன்னது பொய் இல்லன்னு ஒரு காயிதத்துல?”

நிலத்தைத் திருப்பித் தர யாராலும் முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் காகிதம்தான் வேண்டும். அதை வாங்கித் தந்துவிட வேண்டும் என்று இவள் கிளம்பினாள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தாள். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் என் மேஜைக்கு வந்தாள்.

“சார், பழைய படத்துல கோடு உள்ள இழுத்ததுதான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். நான் போட்டதுன்னு நான் சொல்லிக்கிறேன். கையெழுத்து ஒங்களுது.”

“பாக்கலாம்மா” என்றேன்.

எனக்குக் கணக்கு ஓடியது. எட்டு வருடப் படம். முப்பத்திரண்டு கையெழுத்து. ஒன்று பொய் என்றால் எல்லாம் பொய். சர்வேயர் சர்டிபிகேட் போகும், வழக்கு வரும். அம்பத்தெட்டு வயதில் ஸ்டேஷன் படி ஏற வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னால் தலை காட்ட முடியாது. இதையெல்லாம் நான் யோசித்தேன். முப்பத்தொரு சென்ட்டையும் யோசித்தேன், கடைசியாக.

விசாரணைக்கு நானும் கூப்பிடப்பட்டேன். அதிகாரி தன்மையான மனுஷன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். அங்கமுத்து வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டு, சுவரோரம் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

வெற்றிச்செல்வி முதலில் பேசினாள். “பழைய படம் நான் வரஞ்சதுங்க. எட்டு வருசம் பொய்யா வரஞ்சுருக்கேன். தெரியாமத்தான் செஞ்சேன், ஆனா செஞ்சது நான்தான். எங்க அப்பா சொன்னதுதான் நெசம். நான்தான் அவர பொய்யராக்குனேன்.”

“நீங்க சொல்றதால ஒங்க மேலயே கேஸ் வரலாம்மா. தெரியுமில்ல?”

“வரட்டுங்க.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். வரைந்தவர் வார்த்தை செல்லாது, செயற்கைக்கோள் படத்தில் இவளாகப் போட்ட கோடும் தனியாகச் செல்லாது, அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட சர்வேயர் சொன்னால்தான் மறு அளவைக்கு எழுத முடியும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்க சார். இந்தப் படம் சரியா?”

வெற்றிச்செல்வி என்னைப் பார்த்தாள். முதல் மாதம் ஆறு புள்ளியைக் காட்டி நின்றாளே, அதே பார்வை. இந்த ஆள் ஏன் பொய் சொல்லப் போகிறார் என்கிற பார்வை. அவ்வளவுக்கு அப்புறமும் அவளிடம் அது கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“படம் சரிதாங்க” என்றேன்.

அதிகாரி ஃபைலை மூடினார். நாற்காலிகள் நகர்ந்தன. நான் அங்கமுத்துவின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடமிருந்து அவர் எதையும் எதிர்பார்த்து வந்த மாதிரியே தெரியவில்லை. மகளிடம் போனார். அவள் தலையில் கை வைத்தார்.

“நாலு பேரு முன்னால நீ சொன்னில்ல கண்ணு. போதும். வா, வூட்டுக்குப் போவலாம்.”

அப்போதுதான் அவள் அழுதாள். நடையில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். காகிதம் கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது. நான் பின்வாசல் வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் வேலைக்கு வர மாட்டாள் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு வந்துவிட்டாள். நூற்று எண்பது குழியையும் முதலிலிருந்து போட ஆரம்பித்தாள். ஒன்றரை மாதம் ஆனது. இந்த முறை ஒவ்வொரு குழியும் வளர்ந்திருந்தது, இரண்டரை மீட்டர், மூன்று மீட்டர் என்று. இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு வரப்பு முழுக்கக் காணாமல் போயிருந்தது. அதையும் காணவில்லை என்றே போட்டிருந்தாள். இவ்வளவு சுத்தமான கோடு யாரும் போட்டதில்லை என்று அனுசுயா எழுதியிருந்தாள்.

கடைசி நாள் பதினெட்டுத் தாளையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

“பாத்துட்டுப் போடுங்க சார்.”

பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். விளிம்பு எங்கேயோ கோடு அங்கே. எல்லாம் உண்மை. பதினெட்டிலும் கையெழுத்துப் போட்டேன். பேனா ஓர் இடத்திலும் தயங்கவில்லை. அங்கே யாருக்கும் பட்டா கிடையாது. உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அவள் தாள்களை வாங்கிக்கொண்டாள். போகவில்லை. நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி, கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பதினெட்டையும் பார்த்தாள். அப்புறம்தான் போனாள்.